சூது கவ்வும் 2: குடித்தனம் மாறிய வீடு

போன வாரம் ஒருவழியா 'சூது கவ்வும் 2' பார்த்து முடிச்சேன். 2024 டிசம்பர்ல வந்த படம். அந்தமான்ல இருக்கிறவனுக்கு எல்லாமே லேட்டுதான்னு சாக்கு சொல்ல வழியில்லை. 2020 ஆகஸ்ட்லயே சென்னையிலிருந்து கடலுக்கடியில கேபிள் வந்தாச்சு. (அதுக்கு முன்னாடி, ஊருக்குப் போய்ட்டு வர்றவங்க கொண்டு வர்ற ஹார்ட் டிஸ்க்தான் நமக்குத் தியேட்டர்!) பயந்துதான் தள்ளிப் போட்டேன்.

2013ல நலன் குமாரசாமியோட முதல் படம் வந்தப்ப, திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரே ரூம்ல மூணு பேர் வேலை தேடிட்டு இருந்தோம். திரையிலயும் மூணு பேர். நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பகலவன், அலாரம் வச்சு எழுந்து, குளிச்சு, சாமி கும்பிட்டுட்டு குடிக்க உட்கார்ற சேகர், ஐடி வேலை பறிபோன கேசவன். தியேட்டரே சிரிச்சுது. எங்க வரிசையில சிரிப்பு கொஞ்சம் லேட்டாத்தான் வந்தது.

அதுல தாஸுக்கு, தான் காமெடி பண்றோம்னே தெரியாது. ஆள் கடத்தலுக்கு அஞ்சு விதி வச்சிருப்பான், அதிகாரத்துல இருக்கிறவன் மேல கை வைக்கக் கூடாதுன்னு. மந்திரி பையனைத் தொட்டதும் எல்லாம் கவுந்துடும். கண்ணுக்குத் தெரியாத காதலிகிட்ட அவன் பேசுறப்பவும் விஜய் சேதுபதி முகத்துல துளி நக்கல் இருக்காது. அதனாலதான் சிரிப்புக்கு அடியில வயித்தைக் கலக்கும்.

ரெண்டாம் பாகத்தை எடுத்தது எஸ்.ஜே. அர்ஜுன். கருணாகரனும் எம்.எஸ். பாஸ்கரும் அப்படியே இருக்காங்க. நடு இடத்துல மட்டும் குருநாத்தா சிவா. அதே கற்பனைக் காதலி, அதே கடத்தல். வீடு அதுதான், குடித்தனம்தான் வேற. எனக்கு சிவாவைப் பிடிக்கும், 'தமிழ் படம்' எத்தனை தடவை பார்த்தேன்னு கணக்கே இல்லை. ஆனா அவர் ஃபிரேமுக்குள்ள வந்தாலே 'இது சும்மா தமாஷுங்க'ன்னு நம்மகிட்ட கண்ணடிச்சுடறார். அப்புறம் யாருக்குப் பயம் வரும்?

பேரை மாத்தினாலே ஆள் மாறிடுவாங்கன்னு இல்லை. 2024 செப்டம்பர்ல எங்க ஊருக்கும் ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தினாங்க. நான் இன்னும் ஆட்டோக்காரர்கிட்ட போர்ட் பிளேயர்னுதான் சொல்றேன், அவருக்கும் புரியுது. படத்துல தலைகீழ்: பேர் அதேதான், உள்ளே இருந்த ஆளைத்தான் காணோம்.

பழைய ரூம்மேட் ஒருத்தன் இப்ப துபாய்ல. பார்த்துட்டேன்னு மெசேஜ் போட்டேன்.

"சேதுபதி இருக்காரா?"

"இல்லடா, சிவா."

"அப்ப பழசையே இன்னொரு தடவை போடு. நானும் இங்க போடறேன். வெள்ளிக்கிழமை, உங்க ஊர் டைம் ஒம்பது மணி."