பாரும் பவள வட்டமும்

வானூர்தி என்ற அளவில், முந்நூறு நானூறு பேரைச் சுமந்து முகிலுக்கு மேலே செல்லும் பேரூர்திகளே பலர் உள்ளத்தில் தோன்றும். நமக்கோ பள்ளிப் பருவந்தொட்டே சிற்றூர்திகளின்மீதுதான் நாட்டம். பேரூர்தியில் செல்வார் பெரும்பாலும் முன்னிருக்கையின் முதுகையே கண்டு மீள்கின்றனர். சிற்றூர்தி முகிலுக்குக் கீழே பறக்கும். நிலமும் நீரும் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் விரியும். வலவனின் கைகள் செய்யும் தொழிலைப் பின்னிருப்போரும் காணலாம். இலக்கணம் பயிற்றும் ஒருவருக்கு இந்த நாட்டம் எதற்கு என்று நண்பர்கள் நகையாடுவதுண்டு. உறுப்புகள் ஒன்றையொன்று தழுவி நின்று பயன் தருவதில் வாக்கியத்திற்கும் வானூர்திக்கும் வேற்றுமை மிகுதியில்லை என்பது நம் மறுமொழி.

2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மாலத்தீவுகளுக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தது. ஆங்குள்ள சுற்றுலாத் தீவு ஒன்றின் அலுவலகத்தில் கணக்கராகப் பணிபுரியும் எம் இளவல், "காக்கா, நீங்கள் ஆசைப்பட்ட அந்த மிதவை விமானத்தில் இடம் வாங்கி வைத்திருக்கிறேன், வாருங்கள்" என்று அழைத்திருந்தார். பணியாளர்தம் உறவினர்க்குக் கட்டணம் குறைவு என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னதால்தான் நாம் இசைந்தோம் என்பதை மறைப்பானேன்?

அவ்வூர்தியின் பெயர் ட்வின் ஆட்டர். தமிழில் இரட்டை நீர்நாய் எனலாம். கனடா நாட்டின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் உருவாக்கிய இது 1965இல் முதன்முதலாகப் பறந்தது. 1988இல் உற்பத்தி நின்றபோதிலும் இதன் தேவை நிற்கவில்லை. அதே நாட்டின் வேறொரு நிறுவனம் பின்னாளில் இதனை மீண்டும் செய்யத் தொடங்கிற்று. சக்கரங்களைக் கழற்றிவிட்டு இரண்டு நீண்ட மிதவைகளைப் பொருத்தினால் கடலே இதற்கு ஓடுதளம். ஏறத்தாழப் பதினைந்து பேர் அமரலாம். இரைச்சல் மிகுதியாதலால் காதடைப்பான் தருகின்றனர். நாம் ஏறியபோது வலவர் இருவரும் வெறுங்காலுடன் இருந்தனர். அந்நாட்டு மிதவையூர்திகளில் அது வழக்கமாம். மூன்றாமவராகிய பணியாளர் மிதவையின்மீது நின்று கயிற்றை அவிழ்த்துவிட்டு, தாமும் உள்ளே தாவினார். தோணித் துறையில் பிறந்து வளர்ந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று.

நீரிலிருந்து எழும் முறை சற்றே விரித்துரைக்கத் தக்கது. விசை முழுமையும் கூட்டப்பட்டவுடன் ஊர்தி முதலில் உழுவதுபோல் நீரைக் கிழித்துச் செல்கின்றது. மிதவையின் அடிப்புறத்தில் நடுவே ஒரு படிபோன்ற வெட்டு உண்டு. விரைவு ஏற ஏற, மிதவை அப்படியளவும் நீரின் மேலே ஏறி வழுக்கத் தொடங்கும். அவ்வெட்டு இல்லையேல் நீரின் பற்று விடாது. நீர் கண்ணாடிபோல் அசைவற்றிருப்பது நமக்கு அழகாகத் தோன்றலாம். வலவர்க்கோ அதுவே இடர். இறங்குங்கால் நீர்ப்பரப்பு எத்துணைத் தாழ்வில் உள்ளது என்பதைக் கண் அறியாது மயங்கும். சிற்றலை இருத்தலே நன்று. இரவில் இவ்வூர்திகள் அங்குப் பறப்பதில்லை.

பயண துஆவை ஓதி முடிப்பதற்குள் மிதவைகளின் தடதடப்பு நின்றுவிட்டது. மாலே நகரமும், விமான நிலையம் அமைந்த ஹுல்ஹுலே தீவும், 2018இல் இவ்விரண்டையும் இணைத்த பாலமும் கீழே சிறுத்தன. பின்னர்த் தோன்றியது நாம் படங்களில் மட்டுமே கண்டிருந்த காட்சி. கருநீலக் கடலில் இளம்பச்சை வளையங்கள், வளையத்தின்மேல் வளையம், இடையிடையே வெண்மணல் பொட்டுகள். ஏறக்குறைய 1,200 தீவுகள், 26 பெருவட்டங்களாக, வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் கிடக்கின்றன. இத்தகைய பவளவட்டத்தைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் அட்டோல் என்னும் சொல், அம்மக்களின் திவேகி மொழி உலகிற்கு ஈந்த கொடை. அம்மொழியிலும் படகுக்குத் தோணி என்றே பெயர் என்பது தமிழர் செவிக்கு இனிக்கும். வலமிருந்து இடமாக எழுதப்பெறும் அவர்களது தானா எழுத்தில் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை என்பர். அரபுத்தமிழ் ஏடுகளைப் புரட்டிய முதியோர் இதில் வியப்புக் கொள்ளார்.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிக்கும் பன்னீராயிரம் பழந்தீவு இத்தீவுகளே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1343இல் இங்கு வந்து காஜியாராகப் பணியாற்றிய இப்னு பதூதா, தீவுகள் மோதிரம்போல் வட்டமாய்க் கூடியுள்ளன என்றும், கலங்கள் புகுவதற்கு வாயில்போன்ற வழி உண்டென்றும் எழுதி வைத்தார். இங்கிருந்து இலங்கை வழியாக மஅபர் சென்று மதுரைச் சுல்தானைக் கண்டவரும் அவரே. கலத்தின் மேல்தட்டில் நின்று பார்ப்பவருக்கு இவ்வட்டம் முழுமையாகத் தெரிய வழியில்லை. கேட்டும் சுற்றியும் ஓர்ந்துமே அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். நாம் சன்னல் ஓரத்தில் அமர்ந்தவாறு கண்டதை அவர் அறிவினால் கண்டார்.

வட மாலே வட்டத்திற்கு அப்பால் காஃபரு என்னும் பவளவட்டம் வந்தது. பல நாட்டுக் கலங்களை உடைத்த இடம் என அது பெயர் பெற்றது. அப்பெயரை நாம் புவிநூலில் கற்கவில்லை; வீட்டில் கேட்டோம். எம் தந்தைவழிப் பாட்டனார் தூத்துக்குடியிலிருந்து அரிசியும் வெங்காயமும் ஓடும் ஏற்றி மாலே செல்லும் பாய்த்தோணியில் தொழில் செய்தவர். 1950களில் ஓர் இரவு, அத்தோணி காஃபருப் பாரில் ஏறி உடைந்தது. பார் என்பது கடலடிக் கல்லுக்கு எங்கள் கரையில் வழங்கும் சொல். விடியலில் தீவு மக்கள் தங்கள் தோணிகளில் வந்து அனைவரையும் மீட்டனர். சோறும் மீனும் தந்து, தங்கள் பள்ளிவாசலருகே தங்க இடமும் தந்தனர். மொழி புரியாவிடினும் ஸலாமும் தொழுகையும் ஒன்றாயிருந்தன. வேறொரு தோணி கிடைத்து அவர் ஊர் திரும்பச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் காயிப் ஜனாஸா தொழலாமா என்ற பேச்சு ஜமாஅத்தில் எழுந்துவிட்டதாம். இத்தா இருக்கச் சொன்ன பெண்களிடம், உடலைக் காட்டாமல் தம்மை விதவையாக்க வேண்டா எனப் பாட்டியார் கூறிவிட்டார். பாட்டனார் அதன்பின் கடலுக்குச் செல்லவில்லை. கடலுக்குத் தாம் அஞ்சியதில்லை, அதனுள் ஒளிந்திருக்கும் கல்லுக்கே அஞ்சியதாகச் சொல்வாராம்.

நாம் கண்ட காஃபருவில் கல் ஒளிந்திருக்கவில்லை. விளிம்பு முழுதும் வெண்ணுரை கட்டி, உள்ளே பச்சை பரந்து, எழுதிய ஓவியம்போல் கிடந்தது. குழந்தையும் விரல் வைத்துக் காட்டிவிடும். ஊர்தி அதனைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் மிகச் சிலவே நிமிடங்கள். அருகிருந்த வெளிநாட்டுத் தம்பதியர் மகிழ்ச்சியோடு படம் எடுத்தனர். நமக்குக் கருவியைக் கையில் எடுக்கத் தோன்றவில்லை.

லாவியானி வட்டத்தில் கடல் நடுவே மிதக்கும் பலகைமேடை ஒன்றன் அருகே இறங்கினோம். அங்கிருந்து தீவுக்குத் தோணி. இளவல் கரையில் காத்திருந்தார். அன்று அஸர் தொழுதபின், ஊரிலிருக்கும் வாப்பாவைத் தொலைபேசியில் அழைத்தோம். எண்பதைக் கடந்த அவருக்குச் செவி சற்று மந்தம். விமானத்தைப் பற்றி ஒன்றும் வினவவில்லை.

"காஃபரு தெரிந்ததா?"

"தெரிந்தது வாப்பா. பாரும் தெரிந்தது. பச்சைப் பசேலென்று."

சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு, "அவருக்கு அது இருட்டாக அல்லவா இருந்தது" என்றார்.