பேய், பிசாசு, பழவேற்காடு

பழவேற்காட்டில் அம்மன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் எல்லாம் நடக்கிற தூரம்தான். அதனால் கெட்டதுக்கும் பெயர்ப் பஞ்சமில்லை: பேய், பிசாசு, முனி, காத்து கருப்பு, சாத்தான், சைத்தான். கடைசி இரண்டும் ஒரே வேர். ஒன்று பைபிள் வழியாக வந்தது, மற்றது அரபு வழியாக. சாத்தன் என்றாலோ ஐயனார். மணிமேகலை பாடியவர்கூடச் சாத்தனார்தான். ஒரு துணைக்கால் செய்கிற வேலை!

*

பேய்மழை, பேய்க்காற்று, பேய்ச்சுரை, பேய்க்கரும்பு. அளவு மீறியது, வாயில் வைக்க முடியாதது, அவ்வளவுதான். மார்கழியில் படகைப் புரட்டுகிற காற்றுக்கு உள்நோக்கம் இருப்பதாக யாரும் சொல்வதில்லை. வள்ளுவரும் பேயை இழுப்பது மனிதரைத் திட்டத்தான்: உலகம் உண்டென்பதை இல்லை என்பவன் அவருக்கு அலகை. அந்தப் பழஞ்சொல்லை 1995இல் வந்த திருவிவிலியம் சாத்தானுக்கு எடுத்துக்கொண்டது. பேச்சில் அதை நான் கேட்டதில்லை.

*

கொம்புத் திருக்கை. தலையில் கொம்பு மாதிரி இரண்டு மடல். ஆங்கிலக்காரர்கள் அதைப் பிசாசுத் திருக்கை ஆக்கிவிட்டார்கள். நம் ஆட்கள் கண்டதைச் சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

*

இத்தாலியப் பயணி வர்த்தேமா கோழிக்கோட்டு அரசரின் கோயிலில் இருந்த தெய்வத்தைப் பிசாசு என்றே எழுதினார். அவர் புத்தகம் 1510இல் அச்சானது. பழவேற்காட்டில் 1632 முதல் பத்தாண்டு இருந்த டச்சுப் பாதிரியார் ஆபிரகாம் ரோஜீரியஸ் அப்படி அவசரப்படவில்லை. பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் வெளியான அந்நூலில் பர்த்ருஹரியின் பாடல்களும் உண்டு. தலைப்பில் மட்டும் நாம் அஞ்ஞானிகள்தான்.

அதே காலத்தில் அதே ஊரிலிருந்து டச்சுக் கம்பெனி அடிமைகளைப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. போரும் பஞ்சமும் வந்தால் விலை இறங்கும், வாங்குவது கூடும். பிசாசு என்ற சொல் அடுத்தவர் சாமிக்குச் செலவானது. இந்த வியாபாரம் கணக்குப் புத்தகத்தில் வெறும் சரக்கு. அங்கே கம்பெனி கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று இடிபாடு. டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பேய் என்று படமெடுக்கிறார்கள். சாவை நினைவூட்ட ஐரோப்பியர் வைக்கிற வழக்கம் அது.

*

'சண்டாளப் பாவி.' மனிதக் கொடுமைக்குப் பேயை விட்டுவிட்டு ஒரு சாதியைப் பிடித்தோம். சண்டாளர் தமிழ்நாட்டு அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருப்பவர்கள். பொதுவெளியில் அச்சொல்லை வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் 2024 ஜூலையில்தான் சொன்னது. பழைய சினிமாப் பாட்டுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.