வினவும் முறையும் விடையும்

நோயுற்றார்க்கு மருந்தளித்தலோடு ஆஸ்பத்திரியின் கடமை முடிவதில்லை. தன் பணி எத்தகையது என்பதை அந்நோயாளரிடமே கேட்டறிதலும் அதன் கடமையாம். ஆயின், கேட்கும் முறை வேறுபடின் விடையும் வேறுபடும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஆஸ்பத்திரியினின்று வீடு திரும்பியோரை ஒரே வினாத்தாள் கொண்டு வினவும் ஹெச்-கேப்ஸ் என்னும் ஏற்பாடு 2006-ஆம் ஆண்டில் நாடெங்கும் தொடங்கிற்று. அதன்பொருட்டு நிகழ்ந்த சோதனையில், 45 ஆஸ்பத்திரிகளினின்று வெளியேறிய 27,229 பேரைத் திருவுளச்சீட்டு இட்டாற்போலப் பகுத்து, சிலரை அஞ்சல் வழியும், சிலரைத் தொலைபேசி வழியும், ஏனையோரைப் பிற வழிகளிலும் வினவினர். தொலைபேசியில் விடையிறுத்தோர் அஞ்சலில் எழுதியோரினும் மிகுதியாகப் புகழ்ந்தனர். பகுப்பு அவ்வாறு அமைந்தமையால், இவ்வேற்றுமை சிகிச்சையினால் விளைந்ததெனக் கூறவொண்ணாது. ஆதலின், மதிப்பெண்களை வெளியிடுமுன் வினவிய முறைக்குத் தக்கவாறு திருத்தும் வழக்கம் ஏற்பட்டது.

காரணம் அறிதல் அரிதன்று. குரல் கேட்டவிடத்துத் தாட்சணியம் பிறக்கும். காகிதத்திற்கு அது வேண்டுவதில்லை.

எம் பாட்டியார் ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் தங்கியிருந்தார். வீடு திரும்பும் நாளில், அவரைப் பேணிய செவிலியே தாளும் கையுமாய் நின்று வினவ, "குறை ஒன்றுமில்லை, தாயே" என்றார். வீட்டிற்கு வந்தபின்னரோ, ஓர் இரவு தண்ணீர் வேண்டி நெடுநேரம் அழைத்தும் எவரும் வாராமையை எம்மிடம் உரைத்தார். அங்கேயே சொல்லாதது ஏன் என்று வினவினேம். "மறுபடியும் அங்கேதானே போகவேண்டும், அப்பா?" என்றார். இவ்வச்சம் எந்த அட்டவணையிலும் ஏறாது. "நன்று" என்னும் சொல்லே ஏறும்.

அங்ஙனமாயின் எல்லார்க்கும் கடிதமே விடுக்கலாமோ எனின், எழுத்தறியாதார் வாய் அடைபட்டுப்போம். நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய 'மேரா அஸ்பதால்' என்னும் அரசாங்க ஏற்பாடு குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, செயலி, இணையதளம் எனப் பல வாயில்களை வைத்தது இதனால் தக்கதே. எனினும், தாயின் நோய்க்கு மகனுடைய கைபேசி விடையளிக்குமாயின், அவ்விடை மகனுடையதே. ஆகவே வாயில்கள் பலவாதல் வேண்டும். எவ்வாயிலால் வந்த விடை என்பதும் உடன் குறித்தல் வேண்டும். வினவுவார் நோயாளரைப் பேணியவராய் இருத்தல் கூடாது.

பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டு நோயுற்றுக் கிடந்தவனை நம் ஆண்டவர் முதலில் வினவினார். தன்னைத் தூக்கிக் குளத்தில் விட ஆளில்லை என்னும் மனக்குறையை அவன் தடையின்றி வெளியிட்டான். கேட்டவரிடத்து அஞ்சவேண்டியது அவனுக்கு ஒன்றுமில்லை. அத்தகைய கேள்வியையே நம் ஆஸ்பத்திரிகளும் கற்றுக்கொள்வனவாக.