யோசனைக்குக் கூலி உண்டா?

உழைப்பவனுக்குக் கை மட்டுமல்ல, மூளையும் உண்டு. ஆனால் சம்பளப் பட்டியலில் கைக்குத்தான் கணக்கு எழுதுகிறார்கள்! டிப்ளமோ முடித்து நாளை சூப்பர்வைசராகவோ, சொந்தப் பட்டறை முதலாளியாகவோ ஆகப்போகும் நண்பர்களோடு இதைப் பற்றிச் சற்றுப் பேசலாம் என்றே இக்கட்டுரை.

என் ஊர் வெண்ணந்தூர். தெருவில் நுழைந்தாலே தறிச் சத்தம்தான் வரவேற்கும். என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. நாடா வேகமாக வந்து மோதித் துள்ளுவதால் தறி அடிக்கடி நிற்பதைக் கவனித்த அப்பா, பழைய சைக்கிள் டியூப்பை மடித்து, அது மோதும் இடத்தில் வைத்துக் கட்டினார். தறி நிற்பது குறைந்தது. முதலாளி வந்து பார்த்தார். "பரவால்லியே!" என்றார். அடுத்த மாதமே நான்கு தறி பார்த்தவருக்கு ஆறு தறி. மீட்டர் கூலியில் குறைப்பு. "தறிதான் நிக்கறதில்லையே, அப்புறம் என்ன?" என்பது அவர் நியாயம்.

அன்றிரவு அப்பா சொன்னது: "இனிமே ஏதாச்சும் தோணுச்சுன்னா எனக்குள்ளயே வெச்சுக்குவேன் கண்ணு."

இது என் அப்பாவின் கதை மட்டுமல்ல. நிர்வாகப் பாடத்தில் நாம் படிக்கும் டெய்லர், 1911-ல் வெளியிட்ட நூலிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். வேகமாகச் செய்தால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று அஞ்சியே தொழிலாளி தன் திறமையை மறைக்கிறான். நூறு ஆண்டுக்கு மேலாகியும் நம் பட்டறைகளில் அந்த அச்சம் போகவில்லை!

சரி, யோசனையை எப்படி வரவழைப்பது? "நல்ல ஐடியா கொடுத்தால் நூறு ரூபாய்" என்று போர்டு மாட்டினால் போதுமா? போதாது. ஏனென்றால் யோசனையில் பல ஜாதி உண்டு. கெர்ரி அன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் 2001-ல் இதை நான்காகப் பிரித்துக் காட்டினார். நம் ஊர்க் கண்ணால் அதைப் பார்ப்போம்.

ஒன்று, கேட்டதற்குப் பதில். "இந்தக் கரைக்குப் புது டிசைன் போடு" என்கிறார் முதலாளி. இங்கே வேண்டியது நேரமும் நூலும். வேண்டியதைச் சொல்லிவிட்டுச் செய்யும் வழியை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

இரண்டு, "குறை எங்கே என்று நீங்களே கண்டுபிடியுங்கள்" என்பது. ஜப்பானில் 1962-ல் தொடங்கிய தர வட்டங்கள் இவ்வகை. இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது ஐதராபாத் பெல் தொழிற்சாலை. கூடி உட்கார ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது.

மூன்று, தன் வேலை இல்லாவிட்டாலும் கை கொடுப்பது. மேஸ்திரி தலையைச் சொறிந்து நிற்கையில், தார் சுற்றும் அக்கா "அந்த போல்ட்டைப் பாருங்கண்ணா" என்பார். இதற்குப் பணம் நீட்டினால் சங்கடப்படுவார். பத்துப் பேர் முன்னால் "அக்கா சொன்னதுதான் சரி" என்றால் போதும்.

நான்கு, யாரும் கேட்காமல் தானே குறையைக் கண்டு தானே தீர்ப்பது. இதுதான் அரிது. தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலைக் கையால் முளைகளில் மாட்டி மாட்டி அம்மாவின் தோள் நோவதைக் காணச் சகிக்காமல், பல ஆண்டு போராடி 1999-ல் ஆசு இயந்திரத்தை உருவாக்கினார். 2017-ல் பத்மஸ்ரீ வந்தது. பரிசை எண்ணியா தொடங்கினார்? இவ்வகைக்குத் தேவை, தோற்றாலும் திட்டு விழாது என்ற தைரியம். ஜெயித்தால் கூலி வெட்டு விழாது என்ற உறுதி.

டயோட்டா கார்களின் மூலம் எது தெரியுமா? தறிதான்! சாகிச்சி டயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நிற்கும். அந்தக் குடும்பத்துக் கார் கம்பெனி 1951-லேயே தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. தறியிலிருந்து அத்தனை தூரம் போக முடியும் என்றால், நம் ஊர்த் தறிகளுக்கு மட்டும் என்ன குறை? யோசனை சொன்னவனுக்கே அது வினையாக முடிவதுதான் குறை.

நண்பர்களே! நாளை நமக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்வார்கள். அன்று மூன்றே மூன்றைச் செய்வோம். யார் சொன்னாலும் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்வோம், முடியாதென்றாலும் காரணத்தோடு. சொன்னவர் பெயரை மறைக்க மாட்டோம். அவர் யோசனையால் மிச்சமானதில் அவருக்கும் பங்கு வைப்போம். அதைக் காட்டி அவர் கூலியைக் குறைக்க மாட்டோம்.

பெட்டி மாட்டுவது எளிது. அதில் ஒரு சீட்டாவது விழ வேண்டுமானால், எழுதுபவனுக்கு நம்மேல் நம்பிக்கை வேண்டும்!