கலண்டாவில் இறங்கும் வெயில்

காலை ஏழு மணி. பெரியம்மா குசினி யன்னலைத் திறந்து மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுவிஸின் கூர் நகரத்தில் விடியலைப் பார்க்க விரும்புகிறவர்கள் இப்படித்தான் நிற்க வேண்டும். கிழக்கே மிட்டன்பெர்க் மலை மறிக்கிறது. எதிர்ப்பக்கத்தில் 2805 மீற்றர் உயரக் கலண்டா. ஊர் இன்னும் நிழலுக்குள் கிடக்கும்போதே கலண்டாவின் உச்சிப் பனியில் வெயில் விழுந்துவிடுகிறது. பிறகு அந்த வெளிச்சக் கோடு பாறையில் இறங்கி, காட்டில் இறங்கி, ரைன் ஆற்றைத் தாண்டி வீட்டுக் கூரைகளுக்கு வருகிறது. வந்து சேர நெடுநேரம் எடுக்கும்.

2026 மார்ச் மாதத் தொடக்கம். நான் விருந்தாளியாக வந்திருக்கிறேன். குசினி மேசையின் மூலைக் கதிரை மூன்று நாட்களுக்கு என்னுடையது. ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

உடுப்புத் தோய்க்கும் மெசின் நிறைந்திருக்கிறது, தூள் போட்டாயிற்று, கதவும் சாத்தியாயிற்று. பொத்தானை மட்டும் யாரும் அமத்தவில்லை. கிரைண்டருக்குள் ஊறிய உளுந்து இருக்கிறது. அரிசி கழுவி மூடி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் ஆயத்தம், எதுவும் ஓடவில்லை. தேத்தண்ணிக் கேத்தில் மட்டும் கொதிக்கிறது.

சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. அதில் பற்றரி 24 சதவீதம் என்று நிற்கிறது. நேற்றைக்குக் கூரையில் விழுந்த வெயிலின் மிச்சம் அது. இந்தத் தேத்தண்ணி அதில்தான் கொதிக்கிறது.

"கோடு ஆத்தைக் கடந்திட்டுது" என்கிறார் பெரியம்மா. யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

கூரையில் 9 கிலோவாட் பனல்கள். பாதி கிழக்கைப் பார்த்தும் பாதி மேற்கைப் பார்த்தும் பூட்டியிருக்கிறது. பல்கனிக் கம்பியில் நிமிர்த்திக் கட்டிய இரண்டு பனல்களும் உண்டு. கூரைப் பனல்களில் பனி விழுந்து கிடந்தால் உற்பத்தி நின்றுவிடும். நிமிர்ந்து நிற்பவற்றில் பனி தங்காது. தாழ்ந்து வரும் குளிர்கால வெயிலும் நேராகப் படும். பற்றரி கீழே கெல்லரில் இருக்கிறது. கெல்லர் என்றால் நிலவறை. சுவிஸ் தமிழர் வாயில் அது கெல்லர்தான். 10 யூனிட் கொள்ளும் லித்தியம் இரும்புப் பொஸ்பேட் வகை. இந்த வகைக்குப் பூச்சியத்துக்குக் கீழான குளிரில் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதால் நிலவறையே அதற்கு நல்ல இடம்.

பிறிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய கடதாசி ஒன்று. பெரியம்மாவின் கையெழுத்து. மேலே "ஒண்டும் ஓடாத நேரம்" என்று எழுதி, பக்கத்தில் 310 வாட். அது வெட்டப்பட்டு 270. அதுவும் வெட்டப்பட்டு 205. கடைசியாக 160, அதைச் சுற்றி ஒரு வட்டம். அவர் ஒவ்வொரு அறையாகப் போய், ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்த இரவுகளின் கணக்கு அது. கெல்லரில் வெறுமையாகக் குளிர்ந்துகொண்டிருந்த பழைய பிறிட்ஜ் போயிற்று. ரீவிப் பெட்டி இரவில் அணைக்கப்படுகிறது. சிறிய வேலை என்று நினைக்கலாம். மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரை 14 மணித்தியாலம். 310 வாட் என்றால் யாரும் தொடாமலே 4.3 யூனிட் போய்விடும். பற்றரியின் பாதிக்குக் கிட்ட. 160 வாட் என்றால் 2.2 யூனிட். இன்னொரு பற்றரி வாங்காமலே இரண்டு யூனிட் கொள்ளளவு கிடைத்தது மாதிரி.

பத்து மணி. திரையில் 3 கிலோவாட். பெரியம்மா எழும்பி மெசின் பொத்தானை அமத்துகிறார். தண்ணி சூடாகும் வரைக்கும் மெசின் 2 கிலோவாட் எடுக்கும். அந்த எண் விழும்வரை அவர் வேறு எதையும் தொடவில்லை. விழுந்த பிறகே கிரைண்டர். அது முடிந்த பிறகே சோறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் கூரை கொடுக்கிறது போதாமல் மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டி வரும். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் எல்லாமே வெயிலில் முடியும்.

பத்தரைக்கு மருமகள் வருகிறாள். பற்றரி இன்னும் 26 இலேயே நிற்பதைப் பார்த்து, "மாமி, வெயில் வந்தும் இது ஏறேல்லையே?" என்கிறாள்.

"ஏறும். அவன் மத்தியானத்துக்குத்தான் வைச்சவன்."

அவன் என்றால் மகன். நாளைய வானிலையைப் பார்த்துப் பற்றரியின் நேரத்தை மாற்றும் ஏற்பாட்டை அவன் செய்து வைத்திருக்கிறான். நல்ல வெயில் நாளில் பற்றரி அவசரப்படாது. காலையில் ஊர் முழுக்க மின்சாரம் தேவைப்படும்போது மிச்சம் கம்பிக்குப் போகும். உச்சிவேளையில் எல்லார் கூரையும் ஒரே நேரத்தில் பொழியும்போது பற்றரி அதை வாங்கிக்கொள்ளும். நிறைந்தபடி நெடுநேரம் வெறுமனே கிடந்தால் பற்றரி சீக்கிரம் கிழடாகும் என்பதால் இது அதற்கும் நல்லது. முகில் நாள் என்றால் மட்டும் கிடைத்ததைக் காலையிலிருந்தே சேர்க்கும்.

மார்ச் தொடக்கத்தில் இங்கே உச்சிவேளை 12.30 ஐத் தாண்டித்தான் வருகிறது. மணிக்கூட்டைப் பார்க்காமல் பெரியம்மா தன் நிழலைப் பார்க்கிறார். அடுப்பில் பருப்பு. திரையில் 5.2. அப்போது கீழே கெல்லரில் டக் என்று ஒரு சத்தம்.

"பொய்லர்" என்கிறார்.

இந்த வீட்டின் பெரிய பற்றரி அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 300 லீற்றர் தண்ணியை 40 பாகை சூடேற்ற ஏறக்குறைய 14 யூனிட் வேண்டும். சுவரில் தொங்கும் விலை கூடிய பெட்டியை விட, பல வீடுகளில் ஏற்கெனவே நிற்கும் இந்தத் தகரத் தொட்டி கூடுதலாகக் கொள்கிறது. சுவிஸில் பொய்லர்கள் பல காலமாக இரவில்தான் சூடேறி வந்தன. இரவுக் கட்டணம் மலிவு. மின்சபையே கம்பி வழியாகச் சைகை அனுப்பி அவற்றைப் போடும். பனல் பூட்டிய பிறகும் அந்தப் பழைய ஏற்பாடு அப்படியே இருந்தால் பகல் வெயிலை மலிவாக விற்றுவிட்டு, இரவில் தண்ணி சூடேற்றக் காசு கட்ட வேண்டி வரும். இங்கே மின்வேலைக்காரர் வந்து நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு முகில் வருகிறது. 5.2 நொடியில் 1.1 ஆகிறது. கெல்லரில் மறுபடி டக். பொய்லர் தானே ஒதுங்குகிறது. பற்றரி ஏறுவதை நிறுத்தி இறங்கத் தொடங்குகிறது. பருப்புக் கொதி அடங்கவில்லை. நாலு நிமிடத்தில் முகில் போகிறது. எண்கள் பழைய இடத்துக்கு வருகின்றன. பெரியம்மா கரண்டியை எடுத்துக் கிண்டுகிறார்.

விற்கிற விலையையும் வாங்குகிற விலையையும் பார்த்தால் இந்தக் கவனத்தின் பெறுமதி தெரியும். சுவிஸ் முழுவதற்குமாகப் பார்த்தால் 2026 இல் வீட்டுக்கு வாங்கும் ஒரு யூனிட் நடுத்தரமாக 28 றாப்பனுக்கு (சுவிஸ் சதம்) கிட்ட. சந்தை விலை விழும்போது சிறிய கூரைகளுக்குச் சட்டம் உறுதி செய்திருக்கும் ஆகக் குறைந்த விலை யூனிட்டுக்கு 6 றாப்பன். 2024 ஜூன் 9 ஆம் தேதி மக்கள் வாக்களித்து ஏற்ற மின்சாரச் சட்டத்தோடு வந்த உறுதி இது. அதே சட்டம் இன்னொரு கதவையும் திறந்திருக்கிறது. இந்த ஆண்டு சனவரியிலிருந்து ஒரே ஊராட்சிக்குள் இருக்கும் அயலவர்கள் கூடி, ஊர்க் கம்பி வழியாகவே தங்கள் கூரை மின்சாரத்தைப் பகிரலாம். கம்பிக் கட்டணத்திலும் கழிவு உண்டு. எதிர்வீட்டுச் சுவிஸ் அம்மாவோடு பெரியம்மா வேலியில் நின்று அதைப் பற்றிக் கதைத்திருக்கிறார். இவர் டொச் (ஜேர்மன்) மொழியில் பத்துச் சொல், அவர் பொறுமையில் ஒரு மணித்தியாலம்.

நேற்று என்னைக் கூட்டி வரும்போது மகன் ஏ13 நெடுஞ்சாலையோரம் ஒரு சுவரைக் காட்டினான். கூருக்குப் பக்கத்து ஊரான டொமாட் எம்ஸில், வாகனச் சத்தத்தைத் தடுக்கும் சுவரின் மேல் 1989 இல் 100 கிலோவாட் பனல் பூட்டினார்கள். சத்தம் தடுக்கும் சுவரில் மின்சாரம் எடுத்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, 1990 இல், பெரியம்மாவின் ஊரான யாழ்ப்பாணத்தில் போர் மறுபடி மூண்டது. மின்சாரம் இல்லாத நீண்ட ஆண்டுகள் தொடங்கின.

பின்னேரம் நாலு மணி. பற்றரி 90. அதற்கு மேல் ஏற வேண்டாமென்று வைத்திருக்கிறார்கள். மேற்கு மலைகள் வெயிலை எடுத்துக்கொள்ளப் போகின்றன. அரோசாவுக்குப் போகும் சிவப்பு றெயில் தெருவுக்குள் மணியடித்துப் போகிற சத்தம் கேட்கிறது. பெரியம்மா தோய்த்த உடுப்பைக் கொடியில் விரிக்கிறார். உலர்த்தும் மெசின் வீட்டில் இருக்கிறது. அது பூட்டியபடி இருக்கிறது.

ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து போன். அவர் தம்பி. அங்கேயும் கூரையில் பனல். போன சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், 2025 ஏப்ரலில், நாடே ஓய்ந்து மின்தேவை விழுந்துவிட, பகல்வேளைகளில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி இலங்கை மின்சார சபை கேட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை. இந்தச் சித்திரைக்கும் அப்படி வருமோ என்று கவலைப்படுகிறார்.

"பற்றரி ஒண்டு போடன். இல்லாட்டிக் கிணத்து மோட்டரை உச்சி வெயிலிலை விடு. தோட்டத்துக்கு இறைச்சு முடி. வீணாப் போகாது."

மறுமுனையில் அவர் ஏதோ சொல்கிறார். பெரியம்மா முகம் மாறுகிறது. "ஓம், அப்ப ஒரு சொட்டு எண்ணெய்க்கு நிண்டனாங்கள்" என்கிறார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இருட்டுகிறது. சாமியறையில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல். அடியில் பஞ்சு, மேலே வளைத்த கம்பியில் மெல்லிய திரி. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் தங்கவிலை விற்றபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படித்தது இதன் வெளிச்சத்தில். பஞ்சு நனைகிற அளவுக்குத்தான் எண்ணெய். திரி கொஞ்சம் உயர்ந்தால் எண்ணெய் கூட எரியும். தாழ்ந்தால் எழுத்துத் தெரியாது. அந்த நடு அளவைக் கண்டுபிடித்த விரல்கள்தான் இன்றைக்கு இந்தத் திரையைத் தொடுகின்றன.

பற்றரி 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி அவர் வைத்திருக்கிறார். பனல் பூட்டிய நாளில், கரண்ட் போனாலும் இனி வீட்டில் லைற் எரியும் என்று நம்பினாராம். அது அப்படித் தானாக நடக்காது. கம்பியில் மின்சாரம் நின்றால், அதில் ஏறி வேலை செய்கிறவர்களின் உயிரைக் காக்க, இன்வேர்ட்டரும் தானே நிற்கும். தனியாக மாற்றும் கருவி ஒன்று பூட்டினால்தான் வீடு தன் காலில் நிற்கும். பெரியம்மா அதைக் கேட்டுப் பூட்டுவித்தார். பிறிட்ஜ், குசினி லைற், சாமியறை லைற், மூன்றுக்கும் மட்டும். "இங்கை கரண்ட் போறேல்லை அம்மா" என்று மகன் இன்றைக்கும் சொல்கிறான். பெரியம்மா மறுத்துப் பேசவில்லை. 15 ஐக் குறைக்கவும் இல்லை.

சேர்க்கத் தெரிந்தவர்களுக்குப் பற்றரி ஒரு துணை. சேர்க்கத் தெரியாத வீட்டில் அது ஒரு பெட்டி. ஒரு யூனிட்டைப் பற்றரிக்குள் விட்டு எடுத்தால் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். அதனால்தான் பெரியம்மா முதலில் வேலையை வெயிலுக்குக் கொண்டுபோகிறார். கொண்டுபோக முடியாத வெளிச்சத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் மட்டும் வெயிலை இரவுக்குக் கொண்டுவருகிறார். மார்கழியில் இந்தக் கணக்கும் உதவாத நாட்கள் உண்டு. ஆண்டு விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் குளிர்கால ஆறு மாதங்களில் வரும். அந்த நாட்களில் அவர் வாங்கியே எரிக்கிறார், குறை சொல்லாமல்.

பத்து மணி. பெரியம்மா வீட்டைச் சுற்றி வருகிறார். ரீவிப் பெட்டியின் சிவப்புப் புள்ளி அணைகிறது. நடைவழி லைற் அணைகிறது. இருட்டில் திரை மட்டும் ஒளிர்கிறது: வீடு 160 வாட், பற்றரி 68. அவர் அதை ஒரு கணம் பார்க்கிறார், போத்தலைத் தூக்கி எண்ணெய் மட்டம் பார்ப்பது போலக் கொஞ்சம் தலையைச் சாய்த்து. பிறகு சாமியறைக்குப் போய் விளக்கின் திரியை விரலால் ஒரு நூல் உள்ளே இழுத்துவிட்டுப் படுக்கப் போகிறார்.