விளங்குகிறதா?

எங்கள் வீட்டு ஒலிபெருக்கிகள் இரண்டும் சென்ற ஆண்டு கரகரக்கத் தொடங்கின. 1990களின் பிற்பகுதியில் தவணை முறையில் வாங்கியவை. முன்துணியைக் கழற்றிப் பார்த்தபோது, கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சு வளையம் விரல் பட்டதும் பிசுபிசுத்து உதிர்ந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் அது இத்தனை காலம் நின்றதே பெரிது. வளையத்தை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் ஒரு பெட்டியின் ட்வீட்டரும் எரிந்து போயிருந்தது. அதற்குப் பொருத்தமான உதிரிப்பாகம் கிடைக்கவில்லை.

புதிய சோடி ஒன்று வாங்க 50,000 ரூபா ஒதுக்கினேன். ஓய்வுபெற்ற பத்திரிகையாளனுக்கு இது சிறிய தொகையன்று. கடைக்காரருக்கோ மிகச் சிறிய தொகை. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதன் பின், இறக்குமதிப் பொருள்களின் விலை எங்களைப் போன்றோரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

இன்னொரு தயக்கமும் இருந்தது. என் மனைவி சில ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். வானொலியைப் போட்டால், "உந்த இரைச்சலை நிப்பாட்டுங்கோ" என்பார். வயதேற ஆசைகள் குறைவது இயல்புதானே என்று நானாகவே ஒரு விளக்கம் எழுதிக்கொண்டேன். உரியவரைக் கேட்காமலே காரணம் எழுதுவது செய்தியாளனுக்கு ஆகாத பழக்கம். வீட்டில் அதைத்தான் செய்திருந்தேன்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுக்கு இருவருமாகப் போனோம். கடைத்தம்பி ஆர்வத்தோடு பெரிய பெட்டியொன்றை இயக்கினார். தரை அதிர்ந்தது. பெட்டியின் மேல் 5,000 வோட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் இடப்படும் இவ்வகை எண்கள் விளம்பரத்துக்கானவை. தொடர்ந்து தாங்கக்கூடிய வலுவைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். அளவுதான். அதைவிடவும் கவனிக்கவேண்டியது உணர்திறன். 90 டெசிபல் உணர்திறனுள்ள பெட்டி 50 வோட்ஸில் தரும் சத்தத்தை, 87 டெசிபல் பெட்டியிடமிருந்து பெற 100 வோட்ஸ் வேண்டும். சாதாரணக் கூடத்தில் அமர்ந்து கேட்பவருக்குச் சில வோட்ஸே போதும்.

இவற்றையெல்லாம் நான் விசாரித்துக்கொண்டிருக்க, ஸ்டூலில் அமர்ந்திருந்த மனைவி மெல்லச் சொன்னார்: "இஞ்சருங்கோ, அவர் என்ன பாடுறார் எண்டு ஒண்டும் விளங்கேல்லை."

நான் திடுக்கிட்டேன். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் கேட்ட சொல் அது. 1990 ஜூனுக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் வரவில்லை, பற்றறிகளுக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். சுற்றுபவரின் கை தளர்ந்தால் குரலும் தளரும். எங்கள் வீட்டில் சுற்றுபவன் நான். பெட்டியோடு காதை வைத்துச் செய்தியைப் பிடித்து மற்றவர்களுக்குச் சொல்பவர் அவர். "விளங்குதா?" என்பதே அப்போது எங்களுடைய ஒரே கேள்வி. அன்று கரகரப்புக்குள்ளிருந்து சொற்களைப் பொறுக்கியெடுத்த காதுகள் அவருடையவை.

வயதேறும்போது முதலிற் குறைவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றல். 20,000 ஹேர்ட்ஸ் வரை என்று விலைப்பட்டியல்கள் பெருமை பேசினாலும், அறுபதைக் கடந்தவர் பலருக்கு 12,000க்கு மேற்பட்டவை எட்டுவதில்லை. அதற்காக நாம் கவலைப்படவேண்டியதில்லை. கவலைக்குரியது அதற்குக் கீழே நடப்பது. சொல்லைச் சொல்லாக்கும் மெய்யொலிகளிற் பல 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே ஒலிப்பவை. உயிரொலிகளின் வலு பெரும்பாலும் அதற்குக் கீழே. ஆகையால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. அதன் மேல் கனத்த அடித்தொனியைக் கொட்டினால் எஞ்சிய சொல்லும் மூழ்கிவிடும். மனைவி வெறுத்தது பாட்டையன்று என்பது, அந்தக் கடையில்தான் எனக்கு விளங்கியது.

அதன்பின் தெரிவு இலகுவாயிற்று. எங்களிடமிருந்த அம்பிளிபயர் 8 ஓமுக்கு உரியது. 4 ஓம் பெட்டிகளைப் பூட்டினால் அது சூடேறிக் கெடலாம் என்பதால் அவற்றை விலக்கினோம். எஞ்சியவற்றில் மூன்று சிறிய சோடிகளை எடுத்தோம். கைத்தொலைபேசியில் கொண்டுபோயிருந்த ஒரு செய்தியறிக்கையையும் ஒரு பழைய பாட்டையும் ஒவ்வொன்றிலும் போடச் செய்தேன். மூன்றையும் ஒரே அளவு சத்தத்தில் ஒலிக்கவைக்க வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். நான் வாய் திறக்கவில்லை. மனைவியே கேட்டு இரண்டாவதைச் சுட்டினார். மூன்றில் விலை குறைந்ததும் அதுவே. 43,500 ரூபா.

வீட்டில் பழைய பெட்டிகள் சுவர் மூலைகளில் இருந்தன. மூலை அடித்தொனியைக் கூட்டிக் குரலைக் குழப்பும். புதியவற்றைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே நகர்த்தி, ட்வீட்டர் அமர்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வருமாறு வைத்தேன். ஓடு பதித்த தரையின் எதிரொலியைக் குறைக்க ஒரு பாயை விரித்தேன். இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை.

அன்றிரவு அந்தப் பழைய பாட்டை மனைவி இருமுறை போடச் சொன்னார். இரண்டாம் முறை முடிந்ததும், "முதல் அடி நல்லாய் விளங்குது, கடைசி அடி இன்னும் மங்கல்தான்" என்றார்.

அந்த மங்கலுக்கு ஒலிபெருக்கி மருந்தன்று. செவிப்புலப் பரிசோதனைக்கு அவரை என்றோ அழைத்துச் சென்றிருக்கவேண்டும். நான் அவருக்கு ஆசை குறைந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு ஆண்டுகளைக் கடத்தினேன். வருகிற செவ்வாய்க்கிழமை போகிறோம். மிஞ்சிய 6,500 ரூபாவை அதற்கென எடுத்துவைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் எவரேனும் பாட்டுக் கேட்பதை நிறுத்தியிருந்தால், கடைக்குப் போகுமுன் அவரிடம் ஒருமுறை கேளுங்கள்: விளங்குகிறதா?