அண்ணன் வெட்டி வைத்திருந்த செய்தித்துண்டு

கடந்த மாதம் இரத்தோட்டைக்குச் சென்றிருந்தேன். மாத்தளையிலிருந்து புறப்படும் பஸ் மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களைக் கடந்து மேலேறும்போது, றிவஸ்டன் பக்கமிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கும். சிறுவயதில் அக்காற்று பட்டதும் வீடு வந்துவிட்டதென மனம் துள்ளும். இம்முறை துள்ளவில்லை. பாரிசவாதத்தால் வலது கையும் பேச்சும் முடங்கிய அண்ணனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு வயது 76. அண்ணி அவரது கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். ஈராண்டுகளாக அதில் ஏறக்குறைய ஒரே எண்கள்தாம்: மேலே 170, கீழே 70.

“மாத்திரை குடிக்கச் சொல்லித்தான் குடுத்தாங்க தம்பி. உங்க அண்ணன்தான் கேக்கல்ல” என்றார்.

கொப்பிக்குள் பழுப்பேறிய பத்திரிகைத் துண்டொன்று இருந்தது. நூறுடன் வயதைக் கூட்டினால் வருவதே ஒருவரின் இயல்பான குருதியமுக்கம் என்றது அது. 1980களின் தொடக்கத்தில், ஞாயிறு பக்கமொன்றில் எஞ்சிய இடத்தை நிரப்ப நான் எழுதிய குறிப்பு! தம்பி எழுதியது எதுவாயினும் வெட்டிப் பாதுகாப்பது அண்ணனின் வழக்கம்.

அந்நாளில் மருத்துவர்கள் பலரும் அவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணத்தை 1991 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று தகர்த்தது. மேலெண் மாத்திரம் உயர்ந்திருந்த, 60 வயதைக் கடந்த 4,736 பேர் அதில் பங்குகொண்டனர். மாத்திரை பெற்றவர்களிடையே பாரிசவாதம் 36 சதவீதம் குறைந்திருந்தது. அச்செய்தியைப் படித்தது நினைவிருக்கிறது. என் பழைய குறிப்பு தவறென்று ஒரு வரி எழுத அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இளமையில் நமது பெருநாடி இறப்பர் குழாய் போன்றது. இதயம் சுருங்கும்போது விரிந்து குருதியை ஏற்கிறது. இதயம் ஓய்கையில் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. இந்த நெகிழ்ச்சியைத் தருவது எலாஸ்ரின் என்னும் நார். அதன் பெரும்பகுதி சிறுபராயத்திலேயே உருவாகிவிடுகிறது. பின்னர் புதிதாகச் சேர்வது மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கான துடிப்பில் அந்நார் இற்றுப்போக, விறைப்பான கொலாஜனும் சுண்ணாம்புப் படிவும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. நாடி இறுகியதும் ஒவ்வொரு துடிப்பிலும் மேலெண் உயர்கிறது. ஓய்வுவேளையில் தள்ளிவிட ஆளில்லாததால் கீழெண் இறங்குகிறது.

1948 இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் தொடங்கிய நெடுங்கால ஆய்வும் இதையே காட்டியது: மேலெண் முதுமைவரை ஏறிக்கொண்டே போகும், கீழெண்ணோ ஐம்பது, அறுபது வயதுக்குப் பின்னர் இறங்கும். ஆகவே அண்ணனின் 170க்குக் கீழேயிருந்த 70 இளமையின் அடையாளமன்று. நாடி இறுகியதன் அடையாளம். “கீழ் எண் நல்லாத்தானே இருக்கு அண்ணே” என்று தொலைபேசியில் அவருக்குத் தைரியம் சொன்னவனும் நானே.

மருந்து நமக்கு எட்டாததுமன்று. மூன்று மருந்துகளைச் சிறு அளவில் ஒரே மாத்திரையாக்கி, நம் இலங்கையிலேயே 700 பேரிடம் நடத்திய ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில் அம்மாத்திரை பெற்றோரில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் இலக்கை எட்டினர். வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 சதவீதத்தினரே எட்டினர்.

திரும்பும் வழியில் மாத்தளையில் என் அமுக்கத்தையும் பார்த்துக்கொண்டேன்: 158, 72. முன்பென்றால் 72 ஐக் கண்டு மகிழ்ந்திருப்பேன். இப்போது மாத்திரை குடிக்கிறேன், கருவாட்டையும் குறைத்துவிட்டேன். எழுந்து நிற்கையில் தலைசுற்றினால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். நாமாக மாத்திரையை நிறுத்தலாகாது.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவது மரபு. நூறுடன் வயதைக் கூட்டாதீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்த என் திருத்தம் இது. இதை அச்செடுத்து அண்ணனுக்கு அனுப்புகிறேன். வெட்டிவைக்க அவரது வலது கை இனி உதவாது, அண்ணி வெட்டிவைப்பார்.